அலை கிளம்பும்போது ஆன்டெனாவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது

“கேபிள் மேல் 50 ஓம் என்று போட்டிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே காட்டவில்லை. அப்படியென்றால் அந்த 50 ஓம் எங்கே இருக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு விடை கிடைத்துவிட்டால், ஆன்டெனாவின் ஓம் கேபிளின் ஓமோடு பொருந்தாதபோது சிக்னல் ஏன் திரும்பி வருகிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே மீட்டருக்கு இவ்வளவு என்று மின்தேக்குத்திறன் உண்டு. நீளவாக்கில் மின்தூண்டலும் உண்டு. மின்தூண்டலை மின்தேக்குத்திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 50 ஓம் வரும். 1880-களில் ஆலிவர் ஹெவிசைட் தந்திக் கம்பிகளை வைத்து வளர்த்தெடுத்த கணக்கு இது. இந்த 50 ஓமில் எதுவும் சூடாவதில்லை. ஓடும் அலையில் வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். பாலிஎத்திலீன் நிரப்பிய கேபிளில் அலை ஒரு நானோ நொடிக்குச் சுமார் 20 செ.மீ. ஓடும். 10 மீட்டர் கேபிளில் போய்த் திரும்ப 100 நானோ நொடி போதும். மல்டிமீட்டர் பார்க்கத் தொடங்கும்முன் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த 100 நானோ நொடிக்குள் நடப்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 50 ஓம் உள்தடை கொண்ட 20 வோல்ட் மூலத்தைக் கேபிளில் இணைக்கிறோம். மறுமுனையில், பொருந்தாத ஆன்டெனாவின் இடத்தில், 150 ஓம் சுமை. கிளம்பும் அலைக்கு அது தெரிய வழியே இல்லை. அதன் எதிரே இருப்பது கேபிளின் 50 ஓம் மட்டும்தான். அதனால் 20 வோல்ட் சரிபாதியாகப் பிரிந்து, 10 வோல்ட்டும் 0.2 ஆம்பியருமாக அலை கிளம்புகிறது. 50 நானோ நொடியில் முனைக்கு வந்து சேர்கிறது. 10 வோல்ட்டுக்கு 150 ஓம் மின்தடை 0.067 ஆம்பியர்தான் எடுக்கும். வருவதோ 0.2 ஆம்பியர். மிச்ச மின்னூட்டம் முனையில் குவிகிறது, வோல்டேஜ் ஏறுகிறது. ஏறிய வோல்டேஜ் அங்கேயே நிற்காமல் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. திரும்பும் அலைக்கும் அதே 50 ஓம் விகிதம்தான். சுமையின் விதி, கேபிளின் விதி இரண்டுக்கும் பொருந்துகிற விடை ஒன்றே ஒன்று: 5 வோல்ட்டும் 0.1 ஆம்பியரும் திரும்ப வேண்டும். கூட்டிப் பாருங்கள். முனையில் 10 + 5 = 15 வோல்ட்; 0.2 − 0.1 = 0.1 ஆம்பியர். வகுத்தால் 150 ஓம்! வந்த 2 வாட்டில் 1.5 வாட் சுமைக்குப் போக, 0.5 வாட் திரும்புகிறது. அது மூலத்தை எட்டியதும் அங்கும் 15 வோல்ட், 0.1 ஆம்பியர். பள்ளிக்கூட ஓம் விதி சொல்லும் அதே விடைதான். ஆனால் அது போய்க் கேட்டு வந்த விடை.

இதைக் கரும்பலகையில் வெறும் சூத்திரமாக எழுதிவிட்டுப் போவது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். ஆசிலோஸ்கோப்பும் துடிப்பு உண்டாக்கும் கருவியும் நீளமான கேபிளும் இருந்தால், முதலில் 10 வோல்ட், அப்புறம் 15 வோல்ட் என்று அந்தப் படிக்கட்டைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சரி, ரேடியோவில் அலை விடாமல் வந்துகொண்டே இருக்கும். போவதும் வருவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கேபிளில் சில இடங்களில் 15 வோல்ட், சில இடங்களில் 5 வோல்ட் என்று நிலை அலை உருவாகும். 100 மெகாஹெர்ட்ஸில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறக்குறைய 50 செ.மீ. இரண்டின் விகிதம் 3. இதற்குத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) என்று பெயர்; எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டுவது இதைத்தான்.

கேபிளைக் குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆன்டெனா மாறாமல் முனையில் நடப்பது மாறாது. நீளத்தை மாற்றினால் நிலை அலையின் மேடு பள்ளத்தில் எந்த இடத்தில் மூலம் வந்து நிற்கிறது என்பதுதான் மாறும். இழப்பு அதிகமுள்ள கேபிள் இன்னும் ஏமாற்றும். போகும்போது பாதித் திறனைத் தின்னும் கேபிளில் ஆன்டெனா கழன்றே விழுந்து, முனைக்கு வந்தது முழுதும் திரும்பினாலும், திரும்பும்போது இன்னொரு பாதி போய், கால் பங்குதான் மீட்டருக்கு வரும். மேலே 150 ஓம் சுமைக்கும் திரும்பியது கால் பங்குதான். ஆகவே மீட்டர் இப்போதும் 3 என்றுதான் காட்டும். பழைய, நீளமான கேபிளில் ஆன்டெனாவைச் சோதிப்பவர்கள் மீட்டரை ஆன்டெனாவின் அடியிலேயே மாட்டி அளப்பதுதான் சரி.