கானை மண் போட்டு மூடுகிறவர்களுக்கு

இந்த மாரியிலும் அதே கதைதான். கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு வீதி. காபெற் (தார்க்கலவை மேற்படை) போட்டு அதிக காலம் ஆகவில்லை, அதற்குள் நடுவில் குழி, கரையெல்லாம் உடைந்து நொறுங்கிக் கிடக்கிறது. வீதி வேலை செய்கிறவன் என்று நான் பார்க்கப் போனால் சனம் கூடிவிடும். எல்லார் வாயிலும் ஒரே தீர்ப்பு: "சேர், தார் காணாது. கொந்தராத்துக்காரன் சுத்திப்போட்டான்."

கொந்தராத்துக்காரருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. களவு நடக்கிற இடங்களும் உண்டு. ஆனால் இந்த வீதியில் கண்டது வேறு. ஒரு பக்கக் கான் (வீதியோர மழைநீர் வாய்க்கால்) நெடுகிலும், வீட்டுப் படலைகளுக்கு முன்னால் கிரவல் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் பெரிய மனது பண்ணி நாலங்குலக் குழாய் ஒன்று வைத்திருந்தார். அதன் வாயைச் சொப்பிங் பையும் யோகட் கோப்பையும் அடைத்திருந்தன. தண்ணீர் போக வழியின்றி வீதிக் கரையில் குளமாக நின்றது. பஸ் ஒன்று ஏறிப்போனபோது காபெற் வெடிப்புகளுக்குள்ளால் சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீர் பீறிட்டது. அடியிலுள்ள கற்படையின் தூள்தான் அப்படிக் கழுவுப்பட்டு வருகிறது. இந்த நிலைக்கு வந்த வீதியில் மேலே எவ்வளவு தார் கொட்டினாலும் நிற்காது.

தயவுசெய்து இதை ஒருமுறை விளங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் வீதிகளில் காபெற் என்பது பெரும்பாலும் நாலைந்து சென்ரிமீற்றர் தடிப்புத்தான். பாரத்தைத் தாங்குவது அதன் கீழே நெரித்துப் போட்ட கல், அதற்குக் கீழே கிரவல், கடைசியில் உங்கள் ஊர் மண். காபெற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று, மழையை உள்ளே விடாமல் கரைக்கு அனுப்புவது. அதற்காகத்தான் நடுவை உயர்த்தி, மீற்றருக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவில் சரிவு விடுகிறோம். கரைக்குப் போன தண்ணீர் கானில் இறங்காமல் நின்றால் பக்கவாட்டில் அடியிலுள்ள படைகளுக்குள் ஊறும். காய்ந்த கிரவல் தாங்குகிற பாரத்தை ஊறிய கிரவல் தாங்காது. மேலே முதலைத்தோல் மாதிரி வெடிக்கும், அந்த வெடிப்புக்குள்ளால் இன்னும் தண்ணீர் இறங்கும். தாரை இருமடங்காகப் போட்டால் இதே கூத்து கொஞ்சம் பிந்தி நடக்கும், அவ்வளவுதான். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கக் களிமண் இன்னும் மோசம். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் பிளக்கும்.

இதற்குள் மணல் டிப்பர். அச்சுப் பாரம், அதாவது ஓர் அச்சின் சில்லுகள் சேர்ந்து வீதியை அழுத்தும் பாரம், இருமடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினோயில் இதற்கென்றே வீதி கட்டி, லொறி ஓட்டிப் பார்த்து எடுத்த கணக்கு அது. ஊறிய வீதி என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த கோரிக்கை: "அப்ப ரோட்டை உயர்த்திப் போடுங்கோ." வன்னியில் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க் குளத்துக்குப் போகவேண்டும். இடையில் வீதியை உயர்த்தி, அதன் அடியால் தண்ணீர் போக மதகு வைக்காவிட்டால் அது இன்னொரு குளக்கட்டு. ஒரு ஐயா கேட்டார், "தம்பி, இந்த மதகாலை தண்ணியே போறேல்லை, மூடிவிட்டால் என்ன?" பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீருக்குத்தான் ஐயா அது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் பட்ட பாடு அதற்குள் மறந்துபோய்விட்டதா?

2013இல் ரயில் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்தது. கடையும் வீடும் மதிலும் பெருகின. நல்லதுதான். ஆனால் கூரையும் சீமெந்து முற்றமும் கூடக்கூட, முன்பு மண்ணுக்குள் இறங்கிய மழை இப்போது நேரே வீதிக்கு வருகிறது. அதாவது கான் முன்னையைவிடப் பெரிதாக இருக்கவேண்டிய காலத்தில் அதை மூடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். படலைக்கு வழி வேண்டுமென்றால் கானின் முழு அகலமும் ஆழமும் அப்படியே இருக்க, மேலே தூக்கி எடுக்கக்கூடிய ஸ்லாப் போடுங்கள். நிரந்தரமாகப் பூசி மூடினால் துப்புரவாக்க முடியாது. எதற்கும் முதலில் அனுமதி கேளுங்கள்: ஏ, பி தர வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி என்றால் மாகாண வீதித் திணைக்களம், ஒழுங்கைகளுக்குப் பிரதேச சபை. கூரைத் தண்ணீரை வீதிக்குத் திருப்பாதீர்கள், வளவுக்குள்ளேயே ஒரு கிடங்கு வெட்டி இறக்குங்கள், உங்கள் கிணற்றுக்குத்தான் நல்லது. வீடு கட்ட இறக்கிய மணலைக் கானுக்குள் சரியவிடாதீர்கள். புரட்டாசியில் ஒருநாள் மண்வெட்டியோடு இறங்கி உங்கள் வாசல் அளவையாவது துப்புரவாக்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வீதி போடும்போது கூட நின்று தார்த் தடிப்பை அளக்கிறீர்கள். அளவுங்கள், அது உங்கள் உரிமை. அப்படியே புதிய கானுக்குள் நாலு வாளி தண்ணீரை ஊற்றி, அது மதகு இருக்கிற பக்கம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாமல் நின்றால் ஒரு படம் எடுத்து, வீதிக்குப் பொறுப்பானவர்கள் வேலையைக் கையேற்க முன்னரே எழுத்தில் முறையிடுங்கள்.