கல்ச்சர் பவுடர் வாங்கும் முன் பம்பைப் பாருங்கள்

பெங்களூரில் வைட்ஃபீல்டு, சர்ஜாபுர சாலைப் பக்கம் பெரிய குடியிருப்புகளில் சொந்த எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கும். அங்கிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், ஸ்லட்ஜ் (கசடு) உட்காரவே மாட்டேங்குது. எந்தக் கல்ச்சர் (பாக்டீரியாப் பவுடர்) போடலாம்?" கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வந்து ஆபரேட்டராக வேலை செய்யும் தம்பிகளும் கேட்கிறார்கள், சங்கச் செயலாளர்களும் கேட்கிறார்கள். பவுடர் அப்புறம் இருக்கட்டும், தண்ணீரும் காற்றும் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள் என்பதே என் பதில். குறுமணிக் கசடை நம்பி இயங்கும் தொட்டிகளில் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசையில் ஒட்டித் திரண்டு, 0.2 மில்லிமீட்டருக்கு மேல் பருத்தால் அது குறுமணி. பார்க்க ரவை போல இருக்கும். தளர்ந்த சாதாரணக் கசடு மணிக்கு 1 மீட்டர் அளவில் இறங்கினால், இது 10 மீட்டருக்கு மேல் இறங்கும்.

இந்தத் திரட்சிக்கு உரசல் வேண்டும். ப்ளோயர் தள்ளும் காற்றுக் குமிழிகள் மேலேறும்போது மணிகளின் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டே போகின்றன. அந்தத் தேய்ப்பில் பசை கூடுகிறது, மணி இறுகுகிறது. ஆய்வகச் சோதனைகளில் காற்றின் மேலேறு வேகம் நொடிக்கு 0.3 சென்டிமீட்டராக இருந்தபோது மணியே உருவாகவில்லை, 1.2 சென்டிமீட்டரில் உருவானது. மெதுவாக வளரும் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுத்தால் குறைந்த காற்றிலும் மணி நிலைக்கும் என்று பிறகு தெரிந்தது. அதற்காக, சத்தம் வருகிறது என்று தரைத்தள வீட்டார் சொன்னதும் இரவு முழுக்க ப்ளோயரை நிறுத்துவது சரியல்ல. மணியின் உட்புறம் அழுகி உடையும், வெளியே இழைப் பாக்டீரியாக்கள் படரும்.

ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றடித்து, படியவிட்டு, மேல்நீரை வெளியேற்றும் முறைதான் எஸ்.பி.ஆர். அந்தத் தொட்டியில் படிய விடும் நேரமும் ஒரு சல்லடைதான். வெளியேற்றும் நீரின் ஆழம் 1 மீட்டர், படியும் நேரம் 5 நிமிடம் என்றால், மணிக்கு 12 மீட்டர் வேகத்தில் இறங்குவது மட்டுமே உள்ளே தங்கும். ஒரு மணி நேரம் விட்டால் தளர்ந்த கசடும் தங்கி, மணிகளின் உணவைப் பங்குபோடும். ஆனால் புதிய தொட்டியில் முதல் நாளே 5 நிமிடம் வைத்தால் எல்லாமே அடித்துக்கொண்டு போய்விடும். நேரத்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காற்றில்லாமல், கழிவுநீரை அடியிலிருந்து கசடுப் படுகை வழியே மேலேற்றும் யு.ஏ.எஸ்.பி. முறையிலும் ஓட்டமே முக்கியம். 1970களில் நெதர்லாந்தில் லெட்டிங்கா என்ற ஆய்வாளரின் குழு உருவாக்கிய முறை அது. 1989இல் கான்பூரின் ஜாஜ்மாவு பகுதிக்கு வந்தது. வீட்டுக் கழிவுநீருக்கு மேலேறு வேகம் மணிக்கு 0.5 முதல் 0.7 மீட்டர் வரை போதும். மிகவும் குறைந்தால் தண்ணீர் கசடுக்குள் ஒரே வழி பிடித்து ஓடும், கூடினால் கசடையே வெளியே தள்ளும்.

நம் குடியிருப்புகளில் நான் அதிகம் பார்ப்பது பெரிய பம்பு. நாளுக்கு 100 கிலோலிட்டர் கழிவுநீரை 20 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 5 கிலோலிட்டர்தான். ஆனால் 15 கிலோலிட்டர் பம்பைப் போட்டு, மிதவை சுவிட்சில் விட்டுவிடுகிறார்கள். காலையில் எல்லா வீட்டிலும் குளியல் நடக்கும்போது அது விடாமல் தள்ளும். தொடர் ஓட்டத் தொட்டியில் அந்த வேகத்தில்தான் கசடு வெளியேறுகிறது. வரும் கழிவுநீரை முதலில் தேக்கிச் சீராக அனுப்பும் சமன் தொட்டிக்கே தண்ணீர் திரும்பும்படி ஒரு பைபாஸ் குழாயும் வால்வும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தினமும் ஒரு லிட்டர் சிலிண்டரில் கசடுநீரை எடுத்து 5ஆம் நிமிடமும் 30ஆம் நிமிடமும் படிவு அளவைக் குறியுங்கள். இரண்டும் குறைவாகவும் ஏறக்குறைய ஒன்றாகவும் இருந்தால் குறுமணி நன்றாக இருக்கிறது. இடைவெளி நாளுக்கு நாள் விரிந்தால், அந்த வாரத்தில் ப்ளோயரும் பம்பும் ஓடிய நேரத்தை லாக்புக்கில் தேடுங்கள்.