நெல்லுக்கு விட்ட தண்ணீர்

பரந்தனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 2004இல் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாராம், ஆகவே இப்போது முப்பதுகளின் கடைசியில் இருப்பார். அவருடைய கடிதத்தில் பாதியை அப்படியே தருகிறேன்.

"சேர், 2004 ஏப்ரலில் வந்த கில்லி படம் 2024 ஏப்ரலில் திரும்பவும் தியேட்டருக்கு வந்ததாம் என்று மகள் போனில் காட்டினாள். அந்தப் படத்தை நாங்கள் புதுக்குடியிருப்பில் மாமா வீட்டு முற்றத்தில் பார்த்தோம். வாடகை ரீவி, வாடகை ஜெனரேட்டர். இப்போது யோசித்தால் கதையில் பாதி ஞாபகம் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய்ப் புகை, காலில் குத்தின பாய், அண்ணா போட்டிருந்த புதுச் சேட்டின் நீலம், எல்லாம் நேற்றுப் போல இருக்கிறது. படித்ததெல்லாம் மறந்துபோக, இந்தத் தேவையில்லாத சாமான்களை மூளை எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறது?"

அந்தக் காலம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்துத் தூசி ஏன் ஒட்டியிருக்கிறது என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருப்பதும் இந்தக் கேள்விக்குத்தான். ஆனாலும் முதலாவதைத் தாண்டாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது, எனவே அதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

பழையதை நினைத்து ஏங்குவதற்கு 1688இல் 'நொஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தவர் யொஹான்னஸ் ஹோபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. அவருடைய கணக்கில் இது ஒரு நோய். இன்று யாரும் அதற்கு மருந்து எழுதுவதில்லை, சரி. நாற்பது தாண்டிய ஒருவரிடம் 'மழை', 'சைக்கிள்', 'கடிதம்' என்று சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மனதில் வருகிற சம்பவம் எந்த வயதில் நடந்தது என்று குறித்துக்கொண்டு போனால், கிட்டடியில் நடந்தவை நிறைய வரும், பின்னுக்குப் போகப் போகக் குறையும். அது யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் வரைபு மறுபடி எழும்பும், வயலுக்கு நடுவில் கிடக்கிற புற்று மாதிரி. உளவியலாளர் டேவிட் ரூபினும் கூட்டாளிகளும் 1986இல் எடுத்துக் காட்டிய இந்த எழும்பலை நாம் நினைவு மேடு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வயதில் மூளை நல்ல முறுக்கோடு இருக்கிறது என்கிறார் ஒருவர். நான் யார் என்ற கதையை அப்போதுதான் எழுதத் தொடங்குகிறோம் என்கிறார் இன்னொருவர். முதன்முறைகள் எல்லாம் அந்த வயதில்தான் நடக்கின்றன என்கிறார் மூன்றாமவர். சண்டை முடியவில்லை. நான் மூன்றாமவர் பக்கம்.

அதற்கு என் ஊர்தான் காரணம். தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, ரைனமோவிலிருந்து வருகிற கரண்டில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ-9 பாதை திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது: சீடிக்கடை, தலைக்குப் பூசும் ஜெல், ஐஸ்கிறீம், யாழ்ப்பாண பஸ். எங்கள் ஊர்த் தையற்காரரிடம் பெடியள் சீடி உறையைக் கொண்டுபோய் நீட்டி, இதில் இருக்கிற மாதிரி ஜீன்ஸ் வேண்டும் என்பார்கள். கீழ்ப்பக்கம் ஒரு சாண் அகலம். "உந்தத் துணியில ரெண்டு பேருக்குக் காற்சட்டை தைக்கலாமடா" என்று திட்டிக்கொண்டே தைப்பார். பெட்டைகள் பஞ்சாபியின் கைக்கு வைக்கிற லேஸ் வரை படத்தைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். 2006 ஆகஸ்டில் பாதை திரும்பவும் மூடியது. நாலரை வருடம். அதற்குள் ஒரு தலைமுறையின் முதன்முறைகள் அத்தனையும்.

சரி, இனி மூளைக்குள் போவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு விசயம் ஞாபகத்தில் நிற்பது என்றால், நரம்புக் கலங்களுக்கு இடையிலுள்ள சில இணைப்புகள் பலப்படுவது. இந்தப் பலம் இரண்டு தரத்தில் வரும். முதல் தரம் மலிவானது. கலத்தில் ஏற்கனவே கிடக்கிற சாமானை வைத்து இணைப்பு சற்றுப் பலப்படும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இளகிவிடும். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் சொல்ல முடிவதும் அடுத்த கிழமை சொல்ல முடியாததும் இதனால்தான். இரண்டாவது தரம் நின்று நிலைப்பது. அதற்குக் கலம் புதிதாகப் புரதம் செய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரு கலத்துக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள். பலப்பட வேண்டியவை அதில் ஒரு சில. செய்த புரதத்தை எந்த இணைப்புக்குக் கொடுப்பது என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பொட்டலத்திலும் முகவரி எழுதி அனுப்புகிறதா?

இல்லை என்று 1997இல் காட்டினார்கள், ஜெர்மனியின் ஊவே பிரேயும் எடின்பரோவின் ரிச்சர்ட் மொரிசும். அவர்கள் கண்டதைப் பாடப்புத்தகத்தின் மொழியில் சொன்னால் என் மாணவர்கள் தூங்கிவிடுவார்கள், எங்கள் இரணைமடுக் குளத்தை வைத்துச் சொன்னால் தூங்குவதில்லை. சிறுபோகத்துக்குத் துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கிறார்கள் என்று வையுங்கள். தண்ணீரில் யாருடைய பெயரும் எழுதியிருக்காது, அது வாய்க்கால் நெடுகப் பொதுவாக ஓடும். யாருக்குக் கிடைக்கும்? அந்த நேரத்தில் தன் வரம்பில் வாய் வெட்டித் திறந்து வைத்திருக்கிறவருக்கு. வெட்டாதவருடைய வயலைத் தொட்டுக்கொண்டு போனாலும் உள்ளே இறங்காது. மூளையும் இதையேதான் செய்கிறது. தூண்டப்பட்ட இணைப்பு தன்மேல் ஒரு அடையாளத்தைப் போட்டுக்கொள்ளும், அதுதான் வெட்டிய வாய். கலம் செய்து விடுகிற புரதம் தண்ணீர். அடையாளம் உள்ள இணைப்பு பிடித்துக்கொள்ளும். அடையாளமும் நெடுநேரம் நிற்காது. மூன்று மணித்தியாலத்துக்குள் வாய் தானாகத் தூர்ந்துவிடும்.

இதில் ஒரு ஓட்டை இருப்பது தெரிகிறதா? தண்ணீர் யாருக்காகத் திறக்கப்பட்டது என்று வரம்பு கேட்பதில்லை. பிரேயும் மொரிசும் எலியின் மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் துண்டொன்றில், ஒரே கலங்களுக்கு வந்து சேர்கிற இரண்டு நரம்புப் பாதைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் பலமாகத் தூண்டினார்கள், மற்றதை மெல்ல. மெல்லத் தூண்டியது தனியே இருந்தால் சில மணித்தியாலத்தில் பலமிழந்திருக்கும். பக்கத்துப் பாதைக்காகச் செய்யப்பட்ட புரதம் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் அதுவும் நிலைத்துவிட்டது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று நாங்கள் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது மூளைக்கும் சரியாகவே பொருந்துகிறது. முதன்முதலில் இதை வாசித்த அன்று வகுப்பை விட்டு வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

துருசைத் திறப்பது எது? மூளைத்தண்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் புள்ளி இருக்கிறது. உள்ளே ஒரு நிறமி படிந்திருப்பதால் நீலமாகத் தெரியும், பழைய உடற்கூற்று நிபுணர்கள் அதற்கு வைத்த லத்தீன் பெயருக்கே நீல இடம் என்றுதான் அர்த்தம். சில பத்தாயிரம் கலங்கள்தான். ஆனால் அவற்றின் இழைகள் மூளை முழுக்கப் பரவியிருக்கின்றன. புதிதாக ஏதும் கண்ணில் பட்டால் இந்தப் புள்ளி விழித்துக்கொள்ளும். 2016இல் மொரிசின் கூட்டத்தார் வெளியிட்ட பரிசோதனையில், மணலுக்குள் ஒளித்த தீனி எங்கே என்று சுண்டெலிகள் படித்தன. சாதாரணமாக அடுத்த நாள் மறந்துவிடும். படித்து அரை மணித்தியாலம் கழித்து, புது வகைத் தரை விரித்த பெட்டிக்குள் சும்மா உலாவ விட்டால் அடுத்த நாளும் ஞாபகம் இருந்தது. தரைக்கும் தீனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தரையே வேண்டாம், ஒளியைப் பாய்ச்சி நீலப் புள்ளியின் கலங்களைத் தட்டி எழுப்பினாலும் அதே பலன். துருசைத் திறக்கிற டோபமீன் என்ற இரசாயனத்தை அந்தக் கலங்கள் ஹிப்போகாம்பஸுக்குள் கொட்டுகின்றன என்பது அதிலே தெரியவந்தது. அதுவரை அந்த டோபமீன் வேறொரு இடத்திலிருந்து வருகிறது என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

இப்போது புதுக்குடியிருப்பு முற்றத்துக்கு வாருங்கள். ஒரு பிள்ளை பாயில் இருக்கிறாள். பாய் குத்துகிறது, புகை மணக்கிறது, முன்னால் நீலச் சேட்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இணைப்பில் மெல்லத் தட்டி ஒரு சின்ன வாயை வெட்டிவிட்டுப் போகிறது. வேறு நாளென்றால் விடிவதற்குள் எல்லாம் தூர்ந்திருக்கும். ஆனால் அன்று ஊரே கூடியிருக்கிறது, இருட்டில் வெளிச்சப் பெட்டி, திரையில் அதுவரை பார்க்காத வேகம். நீலப் புள்ளி துருசைத் திறந்துவிட்டது. படத்துக்காக வந்த தண்ணீரைப் பாயும் புகையும் சேட்டும் குடித்தன. சகோதரி, உங்கள் மூளை தேவையில்லாத சாமானைச் சேர்க்கவில்லை, திறந்திருந்த வயலுக்கெல்லாம் பாய்ச்சிவிட்டது. எலியில் கண்டதை முற்றத்துக்குக் கொண்டுவருவது என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளிடம் செய்துபார்த்த ஒன்றும் இருக்கிறது. ஆர்ஜென்டினாவில் 7 முதல் 9 வயது மாணவர்களுக்கு ஆசிரியர் ஒரு கதை வாசித்தார். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ பின்னரோ அவர்களுக்குப் புதுமையான ஒரு விஞ்ஞானப் பாடமோ இசைப் பாடமோ நடந்திருந்தால், அடுத்த நாள் கதை நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு மணித்தியால இடைவெளி விட்டால் பலன் இல்லை. 2013இல் வெளிவந்த ஆய்வு. நாங்கள் என்ன செய்கிறோம்? காலை ஐந்தரைக்கு ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் அதே வாங்கில் திரும்ப ரியூசன், அதே சேர், அதே வெள்ளைப் பலகை. நீலப் புள்ளி குறட்டை விடும். பிறகு சோதனை நெருங்க வல்லாரை அரைத்துக் கொடுத்து, பேனையைக் கோயிலில் வைத்து எடுத்துக்கொண்டு வருவோம். வல்லாரைச் சம்பல் எனக்கும் பிடிக்கும், சோற்றோடு. பேனைக்கு ஏற்கனவே எழுதத் தெரியும். காசில்லாத பள்ளிக்கூடம் என்றாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போய்வரலாமே.

கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. அந்தப் படத்தின் பாட்டுக் கேட்டால் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் தனக்கு அழுகை வருகிறதாம், மகள் கேலி செய்கிறாளாம். அண்ணாவைப் பற்றி அவர் வேறொன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. 1999இல் கொன்வேயும் ஹக்கும் பங்களாதேஷில் வயது போனவர்களின் நினைவுகளை எடுத்து வரைந்து பார்த்தார்கள். வழக்கமான இளமை மேடு இருந்தது. அதோடு 35 வயதுக்கும் 55க்கும் இடையில் இரண்டாவது மேடு ஒன்றும் இருந்தது. அது 1971இல் போய் முடிந்த போராட்டக் காலம். பெரிய வயதில் புலம்பெயர்ந்தவர்களுக்கும் அப்படித்தான், குடிபெயர்ந்த வருடங்களில் மேடு எழும்பும் என்று ஷ்ராவும் ரூபினும் காட்டியிருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து எடுக்கிற மாமாக்கள் முதல் பனியைப் பற்றியே கதைப்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் 2004இல் 16 வயதில் இருந்த வன்னிப் பிள்ளைக்கு 2009இல் 21. அவருக்கு இரண்டு மேடு கிடையாது. சீடிக்கடையும் ஜெல்லும் அகலக் காற்சட்டையும் முள்ளிவாய்க்காலும் ஒரே மேட்டில் கிடக்கின்றன. பாட்டு ஒரு பக்கத்தைத் தட்டினால் மற்றப் பக்கமும் அசையும்.

இதை ஒழுங்காக அளந்து பார்க்கப் பெரிய ஸ்கான் மெசின் வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு சொற்பட்டியல், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பத்து மாணவர்கள் போதும். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.2 வீதம்கூட இல்லை. அந்தச் சில்லறையிலும் ஞாபகத்தை அளக்கக் காசு கேட்டால் சிரிப்பார்கள். நினைவுத்தூபிக்குக் கல் நடக் காசு வரும், நினைவைக் கேட்டு எழுதுகிறவனின் பஸ் காசுக்கு வராது. கோபம் வருகிறது, விடுவோம்.

மகள் இப்போது அகலக் காற்சட்டை போடுகிறாளாம், "அம்மா, இது புது ஸ்டைல்" என்கிறாளாம். எங்கள் தையற்காரர் கேட்டிருந்தால் கத்தரிக்கோலைக் கீழே போட்டிருப்பார். பாட்டு விசயத்தில் மட்டும் மகள் ஏமாற மாட்டாள் போலிருக்கிறது. இருபது வயதுக்காரர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு சேர்த்துப் பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டுகளிலும் ஒரு குட்டி மேடு இருப்பதாக 2013இல் கரோல் கிரம்ஹான்சலும் கூட்டாளியும் கண்டார்கள். வீட்டில் ஓடுகிற பாட்டு பிள்ளைகளின் வயலுக்கும் பாய்கிறது.

படத்தைத் திரும்பப் பார்க்கலாமா, பார்த்தால் அந்த ஞாபகம் கெட்டுப்போகுமா என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி. உறுதியான நினைவையும் திரும்ப எடுக்கிற நேரத்தில் அது இளகும் என்றும், மறுபடி இறுகப் புரதம் வேண்டும் என்றும் 2000இல் கரீம் நாடர் எலிகளில் காட்டினார். ஆகவே கொஞ்சம் மாறும்தான். பார்க்காமல் இருந்தாலும் மாறும், நினைக்கிற நேரமெல்லாம் வரம்பில் கை வைக்கிறோமே. போய்ப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.

நான் போன மாதம் பார்த்தேன், போனில். இடைவேளைக்குப் பிறகு வந்த ஒரு காட்சியும் எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக முழுப்படமும் பார்த்ததாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிறகு மெல்ல வெளித்தது: அன்று பாதியில் மண்ணெண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது, எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனோம். பக்கத்தில் இருந்து பார்த்த கூட்டாளி இப்போது விசுவமடுவில் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு எடுத்துக் கேட்டேன். "மண்ணெண்ணெய் கிடந்தது மச்சான்" என்றான். ஒரு சீடியில் 74 நிமிடம் அளவுக்குத்தான் அடங்கும், அதனால் படம் மூன்று சீடியில் வந்தது, இரண்டாவது கீறல் விழுந்து கட்டம் கட்டமாக உடைந்தது, அதைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துப் போட்டவனே நான்தானாம்.

எனக்கு மண்ணெண்ணெய் தீர்ந்ததுதான் ஞாபகம்.