பச்சை மைக்குப் பதிலாக ஒரு வகுத்தல் கணக்கு

காட்பாடியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துவரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டிலிருந்தே சர்வரை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எச்சரிக்கிறது. பொருட்படுத்தாமல் உள்ளே போகலாமா?" போகக் கூடாது.

சர்வரின் மதர்போர்டில் தனியாக ஒரு சிறு கணினி இருக்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும், மின் இணைப்பு உள்ளவரை இது விழித்திருந்து, சர்வரை இயக்கவும் அணைக்கவும் உள்வெப்பத்தைத் தெரிவிக்கவும் செய்யும். வேலூரின் மே மாத வெயிலில் சர்வர் அறையின் ஏ.சி. நின்றுவிட்டால், வீட்டிலிருந்தபடியே அதை நமக்குக் காட்டுவது இதுதான். இதன் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் சர்வரே போனதாகும்.

ஆகவே கடவுச்சொல்லைத் தருமுன், எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று தெரிய வேண்டும். மதிப்பெண் பட்டியலின் நகலில் அரசு அலுவலரிடம் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மையையும் முத்திரையையும் போலியாகச் செய்துவிட முடியும். சர்வர் தன்னை அடையாளம் காட்டப் பிரவுசருக்கு அனுப்பும் கணினிச் சான்றிதழின் முத்திரையோ, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடியதாகவும் ஒருவர் மட்டுமே இடக்கூடியதாகவும் அமைந்திருக்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதை, 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் உருவாக்கிய முறையில் சிறிய எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

3, 11 என்ற இரு பகா எண்களைப் பெருக்கினால் 33. இந்த 33-ஐயும் 3 என்ற அடுக்கையும் ஊரறியச் சொல்லிவிடுகிறோம். 7 என்ற அடுக்கை மட்டும் மறைத்து வைக்கிறோம். சான்றிதழைக் குறிக்கும், முத்திரையிட வேண்டிய எண் 4 என்க. 4-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்கினால் 16384. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. அதுவே முத்திரை. பெறுபவர் 16-ஐ மும்முறை எழுதிப் பெருக்கி, வரும் 4096-ஐ 33-ஆல் வகுக்கிறார்; மீதி 4. புறப்பட்ட எண்ணே திரும்பி வந்துவிட்டது! 7-ஐ அறியாமலேயே, 7-ஐ அறிந்தவர் இட்ட முத்திரை இது என்று அவர் உறுதி செய்துகொண்டார். இரு பகா எண்களிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 20. 3-ஐயும் 7-ஐயும் பெருக்கிய 21-ஐ அந்த 20-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே இதன் சூட்சுமம். 33-ஐக் காரணிப்படுத்தக் குழந்தையாலும் முடியும். நடைமுறையில் உள்ள 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதைப் பிரித்தவர் இதுவரை இல்லை.

இதன் வேர் 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா எழுதிய ஒரு தேற்றத்தில் இருக்கிறது. அன்று அதனால் எவருக்கும் காசு பயனில்லை. தூய கணித ஆய்வுக்கு ஏன் நிதி என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அமைக்கும் வேலை. கல்லூரி தனக்கென ஒரு சான்றளிக்கும் அமைப்பை உருவாக்கி, அதன் முத்திரையைச் சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழைப் பணியாளர்களின் கணினிகளில் பதிக்க வேண்டும். சிறு கணினி தன் சாவிகளைத் தானே உருவாக்கி, பெயரும் பொதுச்சாவியும் (நம் கணக்கில் ஊரறியச் சொன்ன 33, 3 போன்றவை) கொண்ட விண்ணப்பத்தை மட்டும் அனுப்பி, முத்திரையிட்ட சான்றிதழைப் பெறுகிறது. மறைத்து வைத்த 7 போன்ற இரகசியச் சாவி வெளியே வருவதே இல்லை. முகவரிப் பட்டையில் தட்டும் பெயர் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், பெயருக்குப் பதிலாக ஐ.பி. எண்ணை, அதாவது வலையமைப்பில் கணினிக்குள்ள எண் முகவரியைத் தட்டிவிட்டு எச்சரிக்கை ஏன் என்று திகைப்பவர்கள் பலர்.

இருபது சர்வர்களில் இருபது பயனர் பட்டியல்கள் இருந்தால், ஒருவர் பணியிலிருந்து விலகும்போது ஏதேனும் ஒன்றில் அவர் பெயர் தங்கிவிடும். அதனால் எல்லாச் சர்வர்களும், பயனர்களையும் அவர்களின் குழுக்களையும் ஒரே இடத்தில் பதிந்துவைக்கும் எல்டாப் டைரக்டரி ஒன்றையே கேட்கும்படி செய்கிறோம். இங்கே பாத்திரங்கள் மாறுகின்றன: சிறு கணினி, பாதுகாப்பான எல்டாப் இணைப்புக்கென உள்ள 636-ஆம் போர்ட்டில் (வாசலில்) டைரக்டரியை அணுகி, அதன் சான்றிதழில் உள்ள முத்திரையைச் சரிபார்த்த பிறகே நம் கடவுச்சொல்லை ஒப்படைக்கிறது. பின்னர் நாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று கேட்டு, அதற்கேற்ற அதிகாரத்தை மட்டும் தருகிறது.

ஒருமுறை எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு உள்நுழைவு மறுக்கப்பட்டது. அரை நாள் தேடிய பின்பே, சிறு கணினியின் கடிகாரம் 1970-இல் நிற்பதைக் கண்டேன். அதன் கணக்கில் டைரக்டரியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே நேரத்தைச் சரிசெய்வதிலிருந்து தொடங்குங்கள். டைரக்டரியே நின்றுபோகும் நாளுக்காகச் சிறு கணினியிலேயே ஒரு பயனர் கணக்கை வைத்து, அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு அலுவலகப் பீரோவில் பூட்டிவிடுங்கள்.