ஸ்கிட்டை மாற்றுவதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்

குளிர்காலத்தின் முதல் நல்ல வார இறுதி முடிந்து திங்கட்கிழமை காலையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்னோமொபைல் நன்றாக ஓடுகிறது, ஆனால் பின்பக்கக் குத்து தாங்க முடியவில்லை, அந்த சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டு மெத்தென்று ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவின் பாரி சவுண்ட் பக்கம். பதினைந்து குளிர்காலமாக ஸ்னோமொபைல் பழுதுபார்ப்பதுதான் தொழில். இப்போது டொராண்டோவிலிருந்து நம்மவர்களும் வருகிறார்கள். பழைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கி, ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு வடக்கே வருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பின் சஸ்பென்ஷன் விஷயத்தில் தேவையில்லாமல் பணத்தைச் செலவழித்தவர்களையும், மெத்தென்று இருக்கும் என்று நம்பி முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்துவிட்டேன்.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை. அந்தப் பட்டைதான் ட்ராக். ட்ராக்குக்கு உள்ளே இருக்கும் மொத்த அமைப்பையும் நாங்கள் ஸ்கிட் என்போம். இரண்டு நீளமான ரெயில், ட்ராக் அவற்றின் மேல் வழுக்கிப் போக பிளாஸ்டிக் ஸ்லைடர், ரெயிலை வண்டியின் உடம்போடு இணைக்க முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை, நடுவில் ஒரு ஷாக் (ஷாக் அப்சார்பர்), பின்னால் ஒரு ஷாக், பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பக்கமும் முறுக்கு ஸ்பிரிங், அப்புறம் சின்னச் சின்னச் சக்கரங்கள். ஓட்டுகிறவரின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது இதுதான். பல மாடல்களில் நான்கே போல்ட்டைக் கழற்றினால் முழு ஸ்கிட்டும் கையோடு வந்துவிடும். அதனால்தான் பலருக்கு, மாற்றிவிட்டால் போச்சு என்று தோன்றுகிறது.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம் ஒருவர் வந்தார், ஐம்பது வயதுக்கு மேல், நல்ல கனமான உடம்பு. ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கிறது, மெலிசானதைப் போடு என்றார். நான் எதையும் அளந்து பார்க்கவில்லை. கேட்டதைப் போட்டுக் கொடுத்தேன். பட்டறை வாசலில் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தார், அப்படியே அமுங்கி மேலே வந்தது, முகமெல்லாம் சிரிப்பு. மூன்று வாரம் கழித்து இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கி முட்டியிருக்கிறது, அந்த அடி நேராக முதுகெலும்புக்குப் போயிருக்கிறது. ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்கு எனக்கு இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நிற்கிற வண்டியில் குதித்துப் பார்த்தால் தெரிகிற மென்மை வேறு, பாதையில் கிடைக்கிற மென்மை வேறு. சஸ்பென்ஷனுக்கு ஒரு பயணத் தூரம் உண்டு. மேட்டில் ஏறி இறங்கும்போது அந்தத் தூரத்துக்குள் அடியை வாங்கி முடித்துவிட வேண்டும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் நீங்கள் உட்கார்ந்ததுமே பாதித் தூரம் போய்விடும், மிச்சம் இருப்பது போதாமல் அடுத்த பெரிய மேட்டில் உலோகமும் உலோகமும் முட்டுகிற மாதிரி ஒரு அடி விழும். அதைத்தான் வண்டிக்காரர்கள் குத்து என்கிறார்கள். குத்துகிறதே என்று இன்னும் மெலிசான ஸ்பிரிங் போட்டால் இன்னும் அதிகமாகக் குத்தும். உட்கார்ந்தபடியே இந்த அடியை வாங்கினால் நடுமுதுகும் கீழ்முதுகும் சேருகிற இடம்தான் முதலில் பாதிக்கப்படும். எலும்பு தேய ஆரம்பித்த வயதுக்காரர்களுக்கு ஆபத்து அதிகம்.

அதனால் யார் வந்து ஸ்கிட் மாற்றக் கேட்டாலும் நான் முதலில் எடுப்பது அளவு நாடா. பின் பம்பரைப் பிடித்துத் தூக்கி, ட்ராக் தரையைத் தொட்டபடி சஸ்பென்ஷன் முழுவதும் விரிந்திருக்கும் நிலையில் தரையிலிருந்து பம்பர் வரை அளக்க வேண்டும். அப்புறம் ஓட்டுகிறவர் முழு உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப்பையோடு உட்கார வேண்டும், மெல்ல இரண்டு தடவை அசைந்து நிலைக்கு வரவேண்டும், மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். ஸ்கி-டூ பிராண்ட் வண்டிகளின் பல கையேடுகளில் இது 50 முதல் 75 மி.மீ. இருக்கச் சொல்லியிருக்கும். உங்கள் வண்டிக்கான எண்ணை அதன் கையேட்டிலேயே பாருங்கள். 75க்கு மேல் போனால் ஸ்பிரிங் தளர்வு, 50க்குக் கீழே என்றால் இறுக்கம். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. ஆனால் வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகியும் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

அளவு சரியில்லை என்றால் ஸ்பிரிங் முனை உட்காரும் கட்டையை, அதாவது கேமை, திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு நிலை இருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றினால் அதற்கேற்ற நிலைக்குத் திருப்ப வேண்டும், இறக்கிவிட்டால் பழைய இடத்துக்கு. மனைவியையோ பிள்ளையையோ பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தனியாக ஓட்டுகிற அமைப்பிலேயே போவதை அடிக்கடி பார்க்கிறேன். ட்ராக்கின் கடைக்கோடிக்கு மேல் உட்காருகிறவருக்குத்தான் அடி அதிகம் என்பதை முன்னால் இருப்பவர் உணர்வதே இல்லை, தயவுசெய்து இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

கேமின் கடைசி நிலையிலும் அளவு வரவில்லையா, அப்போதுதான் வேறு ஸ்பிரிங். கம்பியின் தடிமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் மடங்குக்கு ஏற்ப ஏறும். 10 மி.மீ. கம்பியை 11 மி.மீ. ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வலது ஸ்பிரிங்கும் இடது ஸ்பிரிங்கும் சுற்றப்பட்ட திசை வேறு, அதனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் சரியாக இருந்தும் குத்துகிறது என்றால் சந்தேகம் ஷாக்கின் மேல் வரவேண்டும். நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காலையில் கிளம்பும்போதே குத்துகிறதா, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனபிறகு குத்துகிறதா? போகப்போக மோசமாகிறது என்று சொன்னால் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. ஷாக்குக்குள் எண்ணெய், அதற்குப் பின்னால் ஒரு பிஸ்டன், அந்தப் பக்கம் அழுத்தத்தோடு நைட்ரஜன் வாயு. சீல் தேய்ந்து வாயு கசிந்துவிட்டாலோ எண்ணெயோடு கலந்துவிட்டாலோ, சூடேறச் சூடேற எண்ணெய் நுரைத்துக்கொண்டு தடுக்கும் சக்தியை இழந்துவிடும். அப்போது அமுங்கிய ஸ்பிரிங் அடக்குவாரில்லாமல் துள்ளும், சீட் உங்களைத் தூக்கி எறிகிற மாதிரி இருக்கும். இதை இறுகிப்போன சஸ்பென்ஷன் என்று தப்பாக நினைக்கிறவர்கள் ஏராளம். போன மாதம் ஒரு பின் ஷாக்கைப் பிரித்தேன். உள்ளிருந்து வந்த எண்ணெய் பழைய காப்பி டிகாஷன் நிறத்தில், மேலே சாம்பல் நுரையோடு, ஒருவித எரிந்த வாசனையோடு இருந்தது. பத்து வருட வண்டி, ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. அதிகம் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஷாக்கைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றுவது நல்லது. விலை குறைந்த மாடல்களில் வரும் சில ஷாக்குகளைப் பிரிக்கவே முடியாது. அவற்றுக்குப் பதில், பிரித்துப் பழுதுபார்க்கக்கூடிய ஷாக் ஜோடி போட்டாலே முழு ஸ்கிட் மாற்றிய மாதிரி இருக்கும்.

லிமிட்டர் ஸ்ட்ராப் என்று ஸ்கிட்டின் முன்கையில் ஒரு நாடா இருக்கும். அதைச் சுருக்கினால் ஸ்கீயின் மேல் எடை ஏறித் திருப்பம் பிடிக்கும், கைக்குக் கனமாகும். நீட்டினால் வேகமெடுக்கும்போது முன்பக்கம் லேசாகும். மென்மைக்காக இதை இஷ்டத்துக்கு நீட்டிவிட்டு, வளைவில் ஸ்கீ வழுக்கி மரத்தை நோக்கிப் போனவர்கள் உண்டு. ஒரு துளை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

சரி, இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் மாற்றலாம். மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 121 அங்குல ட்ராக் வண்டியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாதையில் போகிறவருக்கு 137 அங்குல ட்ராக்கும் அதற்கான நீள ரெயிலும் உண்மையிலேயே வேறு அனுபவம். ட்ராக் சுற்றளவில் 16 அங்குலம் கூடினால் ரெயிலில் கிட்டத்தட்ட 8 அங்குலம், அதாவது 20 செ.மீ. நீளம் கூடும். பள்ளத்தில் விழாமல் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் பாலம் போட்ட மாதிரி போகும். சின்ன வளைவுகளில் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும், அதற்குத் தயாராக இருங்கள். மற்றொன்று, அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஃபாஸ்ட் நிறுவனத்தின் எம்-10 என்ற ஸ்கிட். ஜெரார்ட் கார்பிக் வடிவமைத்தது, பாதையில் சொகுசுக்காகவே பெயர் வாங்கியது. எனக்கும் பிடித்ததுதான். வேகமெடுக்கும்போது முன்பக்கம் அவ்வளவாகத் தூக்காது. ஆனால் அதிலும் ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் இல்லையென்றால் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை, அளவு நாடா அங்கேயும் வேண்டும்.

இனி ஆபத்தான இடம். வேறு மாடலின் ஸ்கிட்டை மலிவாக வாங்கி, துளை பொருந்தவில்லை என்று வண்டியின் டனலில் தாங்களே துளைபோடுகிறவர்கள். டனல் என்பது ட்ராக்கின் மேல் மூடியிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு. கைகள் பொருந்தும் புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் சஸ்பென்ஷனின் கோணமே மாறிவிடும், ட்ராக் மேலே உள்ள, எஞ்சினின் குளிரூட்டும் நீர் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உரசும். ட்ராக்கில் ஆணி பதித்திருந்தால் அது கிழிந்து, குளிரூட்டும் நீர் பனியில் கொட்டி நடுக்காட்டில் நிற்பீர்கள். அந்த மாடலுக்கென்று வரும் பொருத்துத் தகடும் அளவுத் தாளும் இல்லாமல் துளைக்கருவியைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒரு வண்டியில் போல்ட்டைக் கழற்றியதும் என் சுண்டுவிரல் நுனி அந்தத் துளைக்குள் போய் ஆடியது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவில் நீண்டிருந்தது, சுற்றிலும் கறுப்பு அலுமினியத் தூள். அந்த வண்டியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் அப்பாவோடு நூறு கிலோமீட்டர் வந்திருந்தான்.

பழைய ஸ்கிட் வாங்குவதானால் முன்கை பொருந்துகிற இடத்தில் ரெயிலைத் துணியால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தால் வேண்டாம். சக்கரம் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிக் காதை வைத்துக் கேளுங்கள், மணல் அரைக்கிற சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது.

வீட்டிலேயே கழற்றுகிறவர்கள் முறுக்கு ஸ்பிரிங்கின் முனையை முதலில் அதன் கருவியாலோ பெல்ட்டாலோ இழுத்து விடுவியுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். நழுவினால் விரல் எலும்பு உடையும். திரும்ப மாட்டும்போது கையேட்டில் சொன்ன இறுக்கம்தான், போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை சொல்லியிருந்தால் அதுவும். ட்ராக் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிச் சுழற்றுவோம், அப்போது பின்னால் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கவே கூடாது. உடைந்த ஆணியோ பனிக்கட்டியோ துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். முதல் இருபது கிலோமீட்டருக்குப் பிறகு நிறுத்தி போல்ட்டையும் ட்ராக்கின் இறுக்கத்தையும் மறுபடி பாருங்கள்.

பாதையும் ஒரு காரணம்தான். ஒவ்வொரு வண்டியும் வேகமெடுக்கிற இடத்திலும் பிரேக் பிடிக்கிற இடத்திலும் பனியைக் கொஞ்சம் தோண்டித் தள்ளுகிறது, அடுத்தது அதே இடத்தில் துள்ளி இன்னும் ஆழமாக்குகிறது. ஞாயிறு மாலை ஆகும்போது பாதை முழுக்க வரிசையாகப் பள்ளம். இரவில் இயந்திரம் சமன்செய்து, அது உறைந்து இறுகச் சில மணி நேரம் வேண்டும். காலையில் கிளம்புங்கள். ஒன்டாரியோ பாதைகளில் சட்டப்படி உச்ச வேகம் 50 கி.மீ., எந்த ஸ்கிட்டும் 80இல் பள்ளத்தை மறைத்துவிடாது. பள்ளம் தெரிந்தால் முழங்காலை மடக்கி எழுந்து நில்லுங்கள்.

இந்த ஜனவரியில் டொராண்டோவிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். "அண்ணா, ஸ்கிட்டை மாத்திடுங்க, என்ன செலவானாலும் பரவாயில்லை, இவளால பின்னாடி உட்காரவே முடியல" என்றார். இருவரையும் உடுப்போடு உட்கார வைத்து அளந்தேன், 120 மி.மீ. முந்தைய சொந்தக்காரர் மெலிந்த மனிதராக இருந்திருக்க வேண்டும், கேம் முதல் நிலையிலேயே துருவேறி இறுகியிருந்தது. கேமைப் பிரித்துக் கிரீஸ் போட்டு, ஒரு அளவு தடித்த ஸ்பிரிங் ஜோடியும் நான்கு பேரிங்கும் மாற்றி, இரண்டு ஷாக்கையும் புதுப்பித்துக் கொடுத்தேன். பழைய ஸ்கிட்டேதான். மார்ச் முதல் வாரம் மறுபடி வந்தார்கள். அந்தப் பெண் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் கேட்டது, திரும்பிப் போகும்போது தான் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டலாமா என்றுதான். கேமை நான்கிலிருந்து ஒன்றுக்குத் திருப்பி, அவர் உட்கார்ந்ததும் அளந்து பார்த்தேன். 60 மி.மீ. சாவியைக் கொடுத்தேன்.