வாடுகிற செடிக்கெல்லாம் தாகம் இல்லை

போன கார்த்திகையில் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். குட்டை ரக ருட்பெக்கியா. மஞ்சள் இதழும் நடுவில் கருங்குமிழும் உள்ள பூ. "ரெண்டு வேளையும் தண்ணி விடுறேன் சார், அப்படியும் வாடுது" என்றார். வேரை விரலால் இழுத்தேன். தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்தது. அழுகல் நாற்றம்.

டெல்டாவில் இதை அடிக்கடி பார்க்கிறேன். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுமுட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை தொங்கிவிடும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். முதலில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குடத்தைக் கீழே வையுங்கள்.

இது வட அமெரிக்கப் புல்வெளிச் செடி. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை, வடிகாலுக்குத்தான் பஞ்சம். முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய எரு கலந்து, அடைமழை ஓய்ந்து தை பிறந்ததும் நடுங்கள். விதையை மண்ணால் மூடாமல் மேலாகத் தூவி அழுத்தினால் போதும், வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள். நெருக்கினால் சாம்பல் நோய் வரும்.

நர்சரியில் இதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லி 'பிளாக் ஐடு சூசன்' என்று கேட்டால் துன்பர்ஜியா கொடியைத் தந்துவிடுவார்கள். அதற்கும் அதே பெயர்தான். ருட்பெக்கியா என்றே கேளுங்கள். அடுக்கு இதழ் ரகம் வேண்டாம், தேனீக்கு அதில் கிடைப்பது குறைவு. அந்தக் கருங்குமிழ் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். அடியிலிருந்து மேலாக வளையம் வளையமாகப் பல நாள் விரியும். கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் அதற்காகத்தான் வருகின்றன.

அப்புறம், மருந்து. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைப் பார்த்ததும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை வாங்கி அடிக்கிறார்கள். எனக்கு மனசு பதறும். அது செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். திறந்தவெளியில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்ததே தேனீக்களுக்காகத்தான். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே கழுவிவிடலாம்.

அந்த அம்மாவும் மருந்துதான் கேட்டார். எழுதித் தரவில்லை. தட்டில் வளர்த்திருந்த பத்து நாற்றுகளைக் கொடுத்து, பாத்தியை உயர்த்திவிட்டுத் தையில் நடச் சொன்னேன்.