இறைச்சி இல்லாத சதர்ன் ஸ்டைல் காராமணி: பானைக்குள்ள என்ன நடக்குது?

அமெரிக்காவுல ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, ரெண்டு கரோலினான்னு தெற்கு மாநிலங்கள்ல ஜனவரி 1 அன்னைக்கு நிறைய வீட்டு அடுப்புல காராமணிதான் வெந்துட்டு இருக்கும். கருப்பு கண்ணு வச்ச வெள்ளைப் பயறு, கொங்கு பக்கம் தட்டப்பயறு, இலங்கையில கௌபின்னு வாங்குறோமே அதே இனம்தான். பயறு சில்லறைக் காசாம், கூட வைக்கிற கீரை டாலர் நோட்டாம், மஞ்சளா இருக்கிற கார்ன்பிரெட், அதாவது மக்காச்சோள மாவு ரொட்டி, தங்கமாம், இதெல்லாம் வருஷத்தோட முதல் நாள் சாப்பிட்டா அந்த வருஷம் பூரா கையில காசு இருக்கும்னு அங்க ஒரு நம்பிக்கை.

வழக்கமா இதுல ஹாம் ஹாக்னு ஒண்ணு போடுவாங்க, அதாவது பன்றியோட கணுக்கால் பகுதியை உப்புல ஊற வச்சு புகை போட்டது. அது ஒரு மணி நேரம் பயறோட சேர்ந்து வேகும். சைவமா பண்ணணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் அதை மட்டும் எடுத்துட்டு மத்ததெல்லாம் அப்படியே பண்றாங்க, கடைசியில தண்ணியா சப்புன்னு ஒண்ணு வருது, உடனே பயறுல டேஸ்ட்டே இல்லன்னு சொல்லிடுறாங்க. பயறு பாவம். அந்த ஒரு எலும்புத் துண்டு உப்பு, புகை, சுவை, கொழுப்பு, குழம்போட கெட்டித்தன்மைன்னு அஞ்சு வேலை பாத்துட்டு இருந்துச்சு, அஞ்சுக்கும் ஆள் போடாம விட்டா அப்படித்தான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி பயறு எப்படி வேகுதுன்னு பாத்துடலாம், ஏன்னா முக்கால்வாசி விஷயம் அங்கதான் இருக்கு.

பயறோட ரெண்டு பருப்பும் லட்சக்கணக்கான செல்களால ஆனது, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஸ்டார்ச்சும் புரோட்டீனும் அடைச்சு இருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல பெக்டின்னு ஒரு பொருள், செங்கலுக்கு நடுவுல சிமெண்ட் பூசின மாதிரி, எல்லாத்தையும் ஒட்டிப் பிடிச்சிருக்கு. இந்த பெக்டின் இழைகளை ஒண்ணோட ஒண்ணு கட்டி வைக்கிறது கால்சியமும் மெக்னீசியமும். சூடு ஏற ஏற பெக்டின் உடைஞ்சு தண்ணியில கரையுது, செல்லெல்லாம் ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியுது, ஸ்டார்ச் ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் பக்கத்துல தண்ணி குடிச்சு உப்புது. ரெண்டும் நடந்து முடிஞ்சாதான் வாயில வச்சதும் வெண்ணெய் பதம் வரும். ஸ்டார்ச் வெந்தும் பெக்டின் கரையலேன்னா நறுக்குன்னு ஒரு மாதிரி மாவாவும் இல்லாம மெதுவாவும் இல்லாம நிக்கும் பாருங்க, அதுதான்.

இதை வச்சு பாத்தா சமையல்கட்டுல சொல்ற பாதி விஷயத்துக்கு காரணம் புரிஞ்சுடும். உப்பை முன்னாடியே போட்டா பயறு வேகாதுன்னு சொல்வாங்க இல்ல, அது உண்மை இல்ல. ஒரு லிட்டர் தண்ணிக்கு சுமார் 15 கிராம் உப்பு போட்டு ஊற வச்சா, உப்புல இருக்கிற சோடியம் தோல்ல இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தைத் தள்ளிட்டு அந்த இடத்துல போய் உக்காருது, சோடியத்தால அந்த மாதிரி கட்டிப் பிடிக்க முடியாது, அதனால தோல் சீக்கிரம் மெதுவாகும், வெடிக்கவும் வெடிக்காது. வேகுறதைத் தடுக்கிறது புளிப்பு. தக்காளி, வினிகர், எலுமிச்சை எதுவா இருந்தாலும் அமிலத்துல பெக்டின் ரொம்ப மெதுவாத்தான் உடையும், அதனால அதெல்லாம் பயறு வெந்தப்புறம். அங்கயும் மேஜையில பாட்டில் வச்சு, வினிகர்ல ஊறின மிளகாய் சாஸை சாப்பிடும்போதுதான் மேல தெளிச்சுக்கிறாங்க. அந்தப் பழக்கத்துக்குள்ள நல்ல கெமிஸ்ட்ரி இருக்கு.

போர் தண்ணியில பயறு வேகலேன்னு சொல்றதும் இதே கதைதான், அந்தத் தண்ணியிலயே கால்சியம் அதிகம், கேன் தண்ணியில வச்சுப் பாருங்க வித்தியாசம் தெரியும். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டா சட்டுன்னு வெந்துடும், ஆனா பி1 வைட்டமின் போயிடும், கொஞ்சம் ஜாஸ்தியானா சோப்பு வாடையும் வரும், காராமணிக்கு அது தேவையே இல்ல. ரொம்ப நாள் சூட்டுலயும் ஈரத்துலயும் கிடந்த பழைய பயறுன்னா மட்டும் கஷ்டம். பயறுல ஃபைட்டேட்னு ஒண்ணு கால்சியத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், நாளாக நாளாக அது சிதைஞ்சு கால்சியம் வெளிய வந்து பெக்டினோட சேர்ந்துக்கும், அப்புறம் எவ்வளவு நேரம் வேக வச்சாலும் கல்லு மாதிரிதான்.

காராமணியோட தோல் ராஜ்மா தோலை விட மெல்லிசு. தண்ணியில போட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா தோல் மட்டும் சுருங்கி மடிப்பு மடிப்பா இருக்கும், ஏன்னா தோல் முதல்ல தண்ணி குடிச்சு பெருசாயிடுது, உள்ள இருக்கிற பருப்பு இன்னும் பழைய சைஸ்லயே இருக்கு. பருப்பும் ஊறி உப்பினதும் மடிப்பெல்லாம் போய் மறுபடி வழவழன்னு ஆகும், அதுதான் ஊறினதுக்கு அடையாளம். ஊறினது அரை மணி, முக்கால் மணியில வெந்துடும், ஊற வைக்காம நேரா போட்டாலும் ஒரு மணி நேரம் போதும். தளதளன்னு கொதிக்க விடாதீங்க, பயறு ஒண்ணோட ஒண்ணு முட்டி தோல் கழண்டு போகும், ஓரத்துல மட்டும் சின்னச் சின்னக் குமிழி வர்ற அளவு தீ போதும். குக்கர்ல வச்சா விசிலைத் தூக்கி பிரஷரை ஒரேடியா எடுக்கக் கூடாது, உள்ள 120 டிகிரி கிட்ட இருந்த பயறுக்குள்ள இருக்கிற தண்ணி திடீர்னு கொதிச்சு ஆவியாகி தோலைப் பிச்சுக்கிட்டு வரும், தானா அடங்கட்டும்.

இப்ப அந்த அஞ்சு வேலைக்கு வருவோம். உப்பு முடிஞ்சுது.

புகை வாசனைங்கிறது விறகுல இருக்கிற லிக்னின் எரியும்போது வர்ற குவையகால், சிரிங்கால் மாதிரி மூலக்கூறுகள். இறைச்சியில ஒட்டினதும் அதுதான், ஸ்பெயின்ல லா வேரா பக்கம் ஓக் விறகுப் புகையில காய வைக்கிற மிளகாய்ல இருக்கிறதும் அதுதான். அந்த மிளகாயை அரைச்ச தூள்தான் ஸ்மோக்டு பாப்ரிகா, அதனால அதைப் போட்டா நாக்கை ஏமாத்துற வேலை இல்ல, அதே சரக்கு வேற வழியில வருது. ஆனா இந்த வாசனையும் மிளகாய் நிறமும் தண்ணியை விட எண்ணெய்லதான் நல்லா இறங்கும், தண்ணியில நேரா கொட்டினா பாதி வீணு. வெங்காயம், குடைமிளகாய், செலரி தண்டு மூணையும் எண்ணெய்ல நல்லா வதக்கி, பூண்டு போட்டு, தீயைக் குறைச்சுட்டு பாப்ரிகா போட்டு அரை நிமிஷத்துல தண்ணி ஊத்திடணும், அதுல சர்க்கரை இருக்கு, கருகினா கசக்கும். கொழுப்போட வேலையையும் இந்த எண்ணெயே பாத்துடும், அதனால கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கால் கிலோ பயறுக்கு மூணு டேபிள்ஸ்பூன் ஊத்தலாம்.

சுவைன்னு நான் சொன்னது குளுட்டமேட், நாக்குல அந்த கறி ருசியைத் தர்ற பொருள். இறைச்சியில அது இருக்கு, கூடவே இனோசினேட்டும் இருக்கு, ரெண்டும் சேர்ந்தா தனித்தனியா இருக்கிறதை விட பல மடங்கு தூக்கலா தெரியும். சைவத்துல சோயா சாஸ் ஒரு ஸ்பூன் குளுட்டமேட்டுக்கு, காஞ்ச ஷிட்டாகே காளான் ரெண்டு அதுல இருக்கிற, இனோசினேட் வேலையைப் பாக்குற குவானிலேட்டுக்கு, அதே ஜோடி வேலை நடக்கும். சோயா சாஸா, சதர்ன் சாப்பாட்டுலயான்னு கேக்குறவங்க கேக்கட்டும், ஒரு ஸ்பூன்ல சைனீஸ் வாடை வராது, பயறு ருசிதான் கூடும். ரெண்டு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம்ங்கிற மூலிகை இலை, அவ்வளவுதான் மசாலா, கரம் மசாலா பக்கம் கை போக வேண்டாம்.

கெட்டித்தன்மையைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. எலும்பை ஒட்டி இருக்கிற கொலாஜன் கரைஞ்சு ஜெலட்டினா மாறி குழம்புக்கு ஒரு வழவழப்பு குடுக்கும். அதுக்குப் பதிலா வெந்த பயறுல ரெண்டு கரண்டியை பானையோட ஓரத்துலயே வச்சு நசுக்கி கலக்கி விட்டு பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க. முழுப் பயறுல ஸ்டார்ச் செல்லுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கும், நசுக்கும்போது கொஞ்சம் வெளிய வந்து தண்ணியைப் பிடிச்சுக்கும், எண்ணெயும் மேல மிதக்காம கலந்து நிக்கும். அப்படி ஸ்டார்ச் செல்லுக்குள்ள அடைஞ்சு இருக்கிறதாலதான் பயறு மெதுவா செரிக்குது, சோறு அளவுக்கு ரத்தத்துல சர்க்கரையை ஏத்துறதில்ல, அதனால மொத்தத்தையும் மசிச்சுடாதீங்க.

வாயுத் தொல்லைக்கு காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு ரெண்டு சர்க்கரை, அதை உடைக்கிற என்சைம் நம்ம சிறுகுடல்ல இல்ல, பெருங்குடல் பாக்டீரியாதான் தின்னு வாயு விடுது. ஊற வச்ச தண்ணியைக் கொட்டினா கொஞ்சம் குறையும், முழுசா போகாது.

இந்தப் பயறு அமெரிக்க மண்ணு இல்ல, ஆப்பிரிக்காவுல விளைஞ்சது, அடிமை வியாபாரத்தோட அங்க போய்ச் சேர்ந்துச்சு. பருத்தி போட்டுப் போட்டு சத்து போன நிலத்துல வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா மூலமா நைட்ரஜனைச் சேர்க்கும்னு அலபாமாவுல டஸ்கீகி கல்லூரியில விவசாய ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் விவசாயிங்க கிட்ட இதைப் போடச் சொல்லிட்டே இருந்தார், 1908ல இதை எப்படி சமைக்கிறதுன்னே ஒரு சின்ன வெளியீடு போட்டார். அடிமையா பிறந்த மனுஷன் அவர். வெந்த பயறு ஒரு கப்புல 13 கிராம் புரோட்டீன், 11 கிராம் நார்ச்சத்து, ஒரு நாளைக்கு வேண்டிய ஃபோலேட் வைட்டமின்ல பெரும்பகுதி இருக்கு. புரோட்டீனுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள்ல மெத்தியோனின் மட்டும் குறைவு, அது சோத்துலயும் மக்காச்சோளத்துலயும் இருக்கு, சோத்துல குறைவா இருக்கிற லைசின்ங்கிற அமினோ அமிலம் பயறுல இருக்கு, அதனால பயறையும் சோத்தையும் சேர்த்துப் பண்ற ஹாப்பின் ஜான்ங்கிற சாப்பாடும் சரி, கார்ன்பிரெட்டை குழம்புல தோய்ச்சு சாப்பிடுறதும் சரி, கணக்கு கச்சிதமா வருது.

மிச்சம் இருந்தா பிரிட்ஜ்ல வைங்க, மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். கரண்டி நிக்கிற அளவுக்கு இறுகிப் போயிருக்கும், ஆறின ஸ்டார்ச் திரும்ப ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கிறதுதான், கெட்டுப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க, அரை டம்ளர் சுடுதண்ணி ஊத்தி சிம்ல வச்சு சூடு பண்ணிட்டு அடுப்பை அணைச்சப்புறம் வினிகரை விடுங்க.